நிகர எடை

மணலி விரைவுச்சாலையில் எடைமேடை எனக்கு,
இரவு எட்டிலிருந்து காலை ஆறு.
லாரி ஏறும், சிவப்பு எண்கள் துடித்து அடங்கும்.
மொத்தம், வண்டி, நிகரம் என்று
மூன்று வரியில் சீட்டு கிழித்துத் தருவேன்.
நாற்பது டன் நிலக்கரியில் இருபது கிலோ குறைந்தாலும்
டிரைவரை இறங்கச் சொல்கிற ஆள் நான்.

கண் மட்டும் மூன்று வருடமாக
மணல் அள்ளிப் போட்ட மாதிரி.
எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
இமைக்குள் யாரோ உப்புத்தாள் தேய்க்கிறார்கள்.
கூடவே தண்ணீரும் கொட்டும், அதுதான் வேடிக்கை.
பீகார் டிரைவர் ஒருத்தர் நான் அழுவதாக நினைத்து
டீ வாங்கிவந்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.
சர்க்கரை ஜாஸ்தி. குடித்தேன்.

தண்டையார்பேட்டை டாக்டர்
ஒரு தாள் துண்டைக் கீழிமையில் மாட்டி
ஐந்து நிமிடம் உட்காரவைத்தார்.
நாலு மில்லிமீட்டர்தான் நனைந்திருந்தது.
சீட்டு கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம்.
"காஞ்ச கண்ணுதான் சார் வழியும்" என்றார்.
கண்ணீர் இறங்கும் துவாரத்தை அடைத்துவிடலாமாம்,
ஒரு கண்ணுக்கு ஆறாயிரம்.
கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருச் சாக்கடை
இலவசமாகவே அடைத்துக்கொள்கிறது என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. ஃபீஸ் நானூறு.

எழும்பூரில் சும்மாவே தருகிறார்கள்.
வரிசை நகர மத்தியானம் ஆகும்.
ராத்திரி முழுக்க விழித்தவன்
டோக்கன் கூப்பிடும்போது பெஞ்சில் தூங்கியிருப்பான்.
இரண்டு தடவை தூங்கியிருக்கிறேன்.

ஆகவே பாட்டில்.
பத்து மில்லி, நானூற்று முப்பது,
திறந்த நாளிலிருந்து ஒரு மாதம்தான் ஆயுள்.
இருநூற்று நாற்பது சொட்டு, எண்ணியிருக்கிறேன்.
வேளைக்கு இரண்டு, நாளைக்கு நாலு வேளை,
முப்பது நாள், கச்சிதம்.

பங்குனியில் வாங்கியது
பத்தொன்பதாம் நாள் வெறும் காற்றை ஊதியது.
எண்பத்தெட்டு சொட்டு ஷார்ட்டேஜ்.
முதலில் மருந்துக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன்,
பிறகு குறி தவறிக் கன்னத்தில் விடுகிற என் கையை.
ஃபிரிட்ஜ் கதவில் சட்னிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்
அடுத்த பாட்டில் நின்றது, பேனாவால் கோடு போட்டு.

மேடைக்கு அடியில் ஏதோ பழுதாகி
ஒரு நாள் நாலு மணிக்கே அனுப்பிவிட்டார்கள்.
கதவு சாத்தவில்லை.
எம்.சி. ரோடு கடைக்கு அறுபது நைட்டி,
ஓவர்லாக் மெஷின் முன்னால் கோமளா
தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து,
நெற்றிக்கு மேல் என் பாட்டில்.

டிரைவரை இறங்கச் சொல்கிற குரலில்
என்ன இது என்றேன்.
"ஏன், ஒனக்கு மட்டுந்தான் கண்ணு வச்சிருக்குதா?"
எத்தனை மாசமா?
"ஊசி ரெண்டா தெரிய ஆரம்பிச்சதுலருந்து."
சொல்லியிருக்கலாமே.
"சொன்னா டாக்டர்ம்பே. நானூறு."

ஒரு பாட்டில் ஓர் ஆளுக்கு மட்டும் என்று
அட்டையில் அச்சடித்திருக்கிறது.
படித்துக் காட்டவில்லை.
அவ்வளவு பொடி எழுத்து
எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது அந்நேரத்தில்.

பாயை விரித்தோம்.
அவள் எனக்கு விட்டாள், நடுங்காத கை.
நான் அவளுக்கு விட்டபோது அவள் சிமிட்ட,
சொட்டு காதுக்குள் போனது.
"போச்சு, ரெண்டு ரூவா" என்று சிரித்தாள்,
சிரிப்பில் இன்னொன்றும் போனது.

ஐந்து நிமிடம் கண்ணைத் திறக்கக் கூடாது.
மூடியபடி கிடந்தோம்.
தெருமுனையில் மெட்ரோ வாட்டர் லாரியின் ஹாரன்.
குடங்கள் உருளும் சத்தம், யாரோ யாரையோ திட்டுவது.
"நீ போ" என்றாள்.
நீ போ என்றேன்.