இடது பக்கம் இழுக்கிறது

போனஸில் வாங்கியது.
பெட்டியைப் பிரித்து வட்டைப் போட்டேன்.
தொண்ணூற்றிரண்டு ஜிபி இறங்க வேண்டும் என்றது.
மூன்று இரவு இறங்கியது.
நடுவில் ஒரு இரவு
கொளத்தூர் முழுக்கக் கரண்ட் இல்லை.

வட்டுக்குள் விளையாட்டு இல்லையாம்.
விளையாட்டைக் கேட்டு வாங்கும் அனுமதிதான்
இருக்கிறதாம்.
ரேஷன் அட்டை மாதிரி.
கடையில் சரக்கு இருந்தால் உண்டு.

எட்டாம் மாதம்
இடது குச்சி இழுக்கத் தொடங்கியது.
கட்டை விரலை எடுத்த பிறகும்
என் தபால்காரன்
தானாக இடது பக்கம் நடக்கிறான்.
கதைப்படி உலகம் அழிய
இன்னும் ஆறு மணி நேரம்.
கையில் அவசரக் கடிதம்.
அவனோ வேலிக்குள் முகம் புதைத்து
நடந்துகொண்டே இருக்கிறான்,
குடித்தவன் வீடு தேடுவது போல.

சர்வீஸ் சென்டரில் டோக்கன் நாற்பத்தேழு.
ஜெனிட்டா என்று சட்டையில் எழுதியிருந்த பெண்
திருப்பிப் பார்த்தாள்.
"ஸ்டிக்கர் உரிஞ்சிருக்கு சார், வாரண்டி வராது."
மே மாதம் உரித்தது அம்மா அதை,
நான் இல்லை.
சென்னை வேர்வைக்கு
எந்த நிபந்தனையில் இடம் இருக்கிறது?

ரிச்சி தெருவில் தஸ்தகீர்
முனை வேறு மாதிரியான ஸ்க்ரூவுக்கு
முனை வேறு மாதிரியான டிரைவர் வைத்திருந்தார்.
இரண்டு நிமிஷத்தில் திறந்தார்.
"இத்துனூண்டு கார்பன் தேஞ்சிருக்கு, அவ்ளோதான்.
மாத்திடலாம்.
மெஷின்தான் ஒத்துக்காது பாஸ்.
பார்ட்டுக்கும் அவன்தான் பேர் வெக்கணுமாம்."
பஞ்சால் துடைத்து மூடினார்.
காசு வேண்டாம் என்றார்.
அதுதான் அதிகம் வலித்தது.

சொல்ல மறந்தேன்,
நான் லிப்ட் மெக்கானிக்.
பதினோரு வருஷம்.
கயிறு முனகினால் எந்த மாடி என்று சொல்வேன்.

போன செவ்வாய் சாலிகிராமத்தில்
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே
ஒரு பெண், ஒரு டப்பா இட்லி மாவு.
வந்து ஆறு மாதமான லிப்ட்.
பேனலைத் திறந்தால்
பாஸ்வேர்டு கேட்டது.
கம்பெனிக்குப் போன் போட்டேன்.
சர்வர் பராமரிப்பில் உள்ளது,
சிரமத்திற்கு வருந்துகிறோம்.

அதே வாக்கியம்.
முந்தின ராத்திரி பதினொன்றரைக்கு
தபால்காரனுக்கும் எனக்கும் வந்ததே,
எழுத்து மாறாமல் அதே வருத்தம்.

"அண்ணா, மாவு பொங்குது" என்றாள் உள்ளிருந்து.
பயந்த குரல்தான், மாவைச் சொல்லி மறைத்தாள்.
மேலே ஏறினேன்.
பிரேக்கைக் கையால் தளர்த்தினேன்.
ஒரு சாண். நிறுத்தி,
இன்னொரு சாண்.
கதவிடுக்கில் முதலில் தெரிந்தது
ஹவாய் செருப்பு.

சாயங்காலம் மெயில் வந்தது:
அனுமதியற்ற இயக்கம் பதிவாகியுள்ளது.
மறுமுறை நேர்ந்தால்
உங்கள் கணக்கு முடக்கப்படலாம்.
எனக்கு இருக்கும் கணக்கெல்லாம்
பாக்கித் தவணை நாலு.

அன்றிரவு குச்சியோடு மல்லுக்கட்டவில்லை.
போடா என்று விட்டுவிட்டேன்.
தபால்காரன் இடது பக்கமே நடந்தான்.
கடிதம் கேட்டு நின்றவர்களைத் தாண்டி,
தொப்பிக்கு நானூறு ரூபாய் என்று
மினுங்கிய கடையைத் தாண்டி,
உப்பளம், நாணல், கடல்.
கடலின் ஓரத்தில் ஒரு பாறை.
வண்ணம் பூச மறந்திருக்கிறார்கள்.
வெறும் சாம்பல்.
வரைந்தவன் ஷிப்ட் முடிந்து
கிளம்பியிருக்க வேண்டும்.
அங்கே எதுவும் விலைக்கில்லை.
பாறையில் நெற்றியை முட்டிக்கொண்டு
அவன் நடக்க, நான் சோறு தின்றேன்.

திரை மங்கி
ஒரு கட்டம் எழுந்தது.
புதுப்பிப்பு தயார், முப்பத்தெட்டு ஜிபி.
வலது பக்கம் "இப்போதே".
இடது பக்கம் "பிறகு".
"வேண்டாம்" எங்கும் இல்லை.

கை எச்சில். நான் எதையும் தொடவில்லை.
வெளிச்சம் மெல்ல, தானாக,
இடது பக்கம் நகர்ந்தது.