ஏழாம் வரிசை

திபிலீசியில், தொழிற்சங்க மாளிகையின் மாடியில்
படமோட்டும் அறையை ஒட்டி எனக்கொரு கண்ணாடிக் கூண்டு.
ஒரு மைக், ஒரு விளக்கு, ஒரு குவளைத் தண்ணீர்.
திரையில் இத்தாலியர்கள் பேசப் பேச
நான் எங்கள் ஜார்ஜிய மொழியில் சொல்லிக்கொண்டே போகவேண்டும்.
கிழவனுக்கும் நான்தான், குழந்தைக்கும் நான்தான்,
நாய் குரைத்தால் மட்டும் ஓய்வு.
குரலில் ஏற்ற இறக்கம் கூடாது என்பது விதி.
முத்தத்தின்போது மூக்கை உறிஞ்சக் கூடாது
என்பது நானே சேர்த்துக்கொண்டது.

அந்த மார்ச்சில் வந்தது ஒரு விதவையின் கதை.
மீன் உப்பிடும் ஊர். செத்துப்போன கணவனின் தம்பி.
கொட்டகையில், உப்பு மூட்டைகளுக்கு நடுவே
அவர்கள் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்ப்பதற்கே
முக்கால் மணி நேரம் ஆகும்.
அலுவலகம் அனுப்பிய வசனத் தாளில்
சிவப்புப் பென்சில்
கொழுந்தனை அடித்துவிட்டு
‘வாடகைக்கு இருப்பவர்’ என்று எழுதியிருந்தது.
ஆகவே ஓர் ஊரே கத்தியோடு துரத்தியது
வாடகைக்கு இருந்த ஒருவனை.
“எத்தனை மாதப் பாக்கியாம்?”
இருட்டில் யாரோ கேட்டார்கள்.
நானும் கூண்டுக்குள் சிரித்து
அடுத்த வரியைத் தவறவிட்டேன்.

பதினொரு காட்சி.
பதினொன்றுக்கும் வந்தது ஏழாம் வரிசை.
பெயர் சொல்ல மாட்டேன். அப்போதும் சொன்னதில்லை.
ஓரத்து இருக்கை, மடியில் ஈரக் கோட்டு,
சூரியகாந்தி விதைப் பொட்டலம்,
கடைசிவரை பிரிக்காமலே.

எங்கள் மொழியில் அவனும் அவளும் ஒரே சொல்.
இரண்டே எழுத்து.
மீசை உண்டா, கம்மல் உண்டா என்று அது கேட்பதில்லை.
எட்டாவது ரீலில் விதவை தன் தாயிடம் சொல்வாள்,
யாரைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்று.
இத்தாலியனில் அது சந்தேகமில்லாமல் ஆண்.
என் வாயிலிருந்து வரும்போது
அந்த இரண்டெழுத்து திரைக்குப் போகாது,
இடப்பக்கம் திரும்பி, படியிறங்கி
ஏழாம் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
முன்னூறு பேர் ஒரு மீனவனை நினைத்தார்கள்.
ஒருத்தி கோட்டுப் பொத்தானைத் திருகினாள்.

கடைசிக் காட்சிக்கு அவள் கணவரும் வந்தார்.
ஜும்பேர், ட்ராலிபஸ் பணிமனையில் பொறியாளர்.
நல்ல மனிதர். எனக்கு அதுதான் தாங்கவில்லை.
எட்டாவது ரீல் வந்தது. விதவை வாய் திறந்தாள்.
நான் திறக்கவில்லை.
தாயும் மகளும் எங்களுக்குப் புரியாத மொழியில்
அழுது முடிக்கும்வரை
மைக்கில் என் மூச்சு மட்டும் ஓடியது.
யாரும் இருமவில்லை.
அரங்கு வெளிச்சமானதும் ஜும்பேர் மாடியேறி வந்தார்.
“உடம்பு சரியில்லையா? என் மனைவி
உங்கள் குரலுக்காகவே வருகிறாளாம்.”
கோட்டுப் பையிலிருந்து எடுத்து
இரண்டு ஆரஞ்சு கொடுத்தார்.
உரித்தேன். தின்னவில்லை.

படத்தின் முடிவில் விதவை கிணற்றில் விழுகிறாள்.
விழாவிட்டால் முத்திரை விழுந்திருக்காது,
அவர்கள் ஊரிலும் சரி, எங்கள் ஊரிலும் சரி.
ஒன்பது தகர டப்பாக்களில் அடைபட்டு
மறுநாள் அவள் பாகூ ரயிலேறினாள்,
அங்கே போய் விழ.

நாங்கள் விழவில்லை.
அவளுக்குச் சர்க்கரை. எனக்கு முழங்கால்.
போன வாரம் சந்தையில்
புளிப்புப் பிளம்ஸ் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.
ஜும்பேர் போய் ஆறு வருஷம் என்றாள்.
விலையைத் திட்டினோம்.
ஒரே தராசில் இருவருக்குமாக நிறுத்துவிட்டுக்
காசு யார் தருவது என்றான் கடைக்காரன்.
என் பக்கம் தாடையை அசைத்து
அந்த இரண்டெழுத்தைச் சொன்னாள்,
ஏற்ற இறக்கம் இல்லாமல்.

நான் சில்லறை தேடினேன்,
வெகுநேரம்.