கதவைத்தான் கூப்பிட்டேன்

மழை ஓயாத தீவு இது.
சிலோயேயில் காய்ந்த பலகை கேட்டால்
மரவாடி நோல்பெர்த்தோ
அடுப்பைக் கைகாட்டிச் சிரிக்கிறான்.

சிப்பிப் பண்ணையில் கயிறு இழுத்து
விரல்நுனி மரத்துப்போன எனக்கு
மரம் தேடும் வேலை.
கடைக் கிட்டாருக்கு நாலு மாதச் சம்பளம் வேண்டும்.
"நானே செய்கிறேன்" என்று சொன்னது
வெள்ளி இரவு, மூன்றாவது கோப்பையில்.
சனிக்கிழமை ஒருவரும் அதை மறந்திருக்கவில்லை.

கழுத்துக்குக் கிடைத்தது
முறிந்த துடுப்பு ஒன்று, மன்யோ மரம்.
விரல்பலகைக்கு லூமா.
போலீஸ்காரர் கைத்தடியும் அதே மரம்,
தடிக்குப் பெயரும் அதுவே.
அடித்துப் பழகியது பாடாது,
தேயவும் தேயாது.
அமுக்குகிற இடத்தில் இருக்கட்டும் என்று வைத்தேன்.

முகப்புக்குத்தான் திண்டாட்டம்.
விரற்கடை அகலத்துக்குள்
இருபது வருடமாவது அடங்கியிருக்க வேண்டும்,
ரேகை கோணக் கூடாது.
அவ்வளவு நிதானமாக வளர்வது அலெர்சே.
நிற்பதை வெட்டினால் சிறை.
செத்துப்போனதில் தேடு.

தேடினேன்.
இரு விரலில் தூக்கிப் பிடித்து
முட்டியால் தட்டித் தட்டி.
கோழிக்கூண்டுக் கூரை தொப்பென்றது.
வேலிப் பலகை இருமியது.
மைத்துனியின் கட்டில் சட்டம் நன்றாகவே பேசியது;
அவள் புருஷன் முறைத்தான்.

ஒரு சாயங்காலம்
எண்ணெய் டின்னைத் திருப்பித் தர
எர்மெலிந்தா வீட்டுக் கதவைத் தட்டினேன்.
டின் மறந்துவிட்டது.
மறுபடி தட்டினேன். மேலே. கீழே.
காதை வைத்து, ஓரத்தில்.

"வந்துட்டேன், வந்துட்டேன்! எத்தனை தடவை?"
மாவுக் கையோடு திறந்தாள்.
"உங்களை இல்லை,
கதவைத்தான் கூப்பிட்டேன்."

அவள் ஆச்சரியப்படவில்லை.
அந்த வீடே
அக்கரையிலிருந்து மிதந்து
எருதுகள் இழுக்க மேடேறி வந்தது.
கதவு போனால் என்ன என்றாள்.
குளிர் நுழையாத வேறொன்று மாட்ட வேண்டும்,
கீலுக்கு எண்ணெயும் என் செலவு.

நடுப்பலகையில்
நெஞ்சுயரத்தில் ஒரு குழி.
கடன் கேட்டவர், சாவு சொன்னவர்,
தபால்காரர், தப்பான வீட்டுக்கு வந்த குடிகாரர்,
எல்லார் முட்டியும் பட்டது.
எவ்வளவு இழைத்தும் போகவில்லை.
தள்ளி வெட்டியிருக்கலாம்.
ஒலித்துளையை அங்கேயே போட்டேன்.

தேநீர்த் தட்டளவு வந்தது வட்டம்.
எர்மெலிந்தா வாங்கி
புதுக் கதவில் ஆணியடித்துக்கொண்டாள்.
பிளைவுட்டில் தட்டினால்
அவள் காதுக்கு எட்டுவதில்லையாம்.

கிட்டார் எப்படி என்கிறார்கள்.
ஐந்தாம் கட்டையில் கொஞ்சம் இரைகிறது.
பசை காய்ந்த அன்று, தந்தி கட்டுமுன்
முகப்பை ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.
பக்கத்து வீட்டிலிருந்து
எர்மெலிந்தா குரல் கொடுத்தாள்:
"வந்துட்டேன்!"