வாங்காதவை

கொலன்னாவையில்
எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால்
ஆறரைப் பேர்ச் எங்களுடையது.
நாலை வீடு தின்றது.
மிச்சம் இரண்டரை,
சதுப்பை மூடி நிரவிய மண்.
ஒரு சாண் தோண்டினால் ஓட்டுத்துண்டு,
இரண்டு சாணில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு,
மூன்றாவது சாணில் தண்ணீர்.

ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில்
பதினாறு வருடம் கணக்கு வைத்தவர் இவர்.
கப்பல் குறைந்தது. ஆளையும் குறைத்தார்கள்.
வேலையில்லாத முதல் திங்கட்கிழமை
குளித்து, சேர்ட் போட்டு, மேசையில் உட்கார்ந்து
சீஆர் கொப்பியொன்றில் கோடு கிழித்தார்:
திகதி. வாங்காதவை. விலை.

முதலில் எழுதியது கறிவேப்பிலை, இருபது ரூபா.
பிறகு பசளி.
பிறகு கொச்சிக்காய் ஐந்து;
ஆறாவதை எறும்பு தின்றதென்று
கீழே ஒரு குறிப்பு.

அரிசி களைந்த தண்ணீர் மரவள்ளிக்கு,
மீன் கழுவின தண்ணீர் முருங்கைக்கு,
சவர்க்காரத் தண்ணீர் யாருக்கும் வேண்டாம்.
கேஸ் இல்லாத மாதத்தில்
கரண்ட்காரர் வெட்டிப்போட்ட மாங்கிளையை
ஒழுங்கை முழுக்க இழுத்து வந்தோம்.
ஈர விறகு. மூவருக்கும் கண்ணீர்.
அதற்கும் ஒரு விலை போட்டுத்தான் எழுதினார்.

உப்பு வாங்கினோம். தீப்பெட்டி வாங்கினோம்.
அரிசி, சொல்லவே தேவையில்லை.
அவற்றுக்கு அந்தக் கொப்பியில் இடமில்லை.

பூசணி மதிலேறி
நஸ்லியா தாத்தாவின் பக்கம் போய்க் காய்த்தது.
வேர் எங்களுடையது, காய் அங்கே.
இரண்டு நாள் பார்த்தோம், கேட்கவில்லை.
மூன்றாம் நாள் மதிலுக்கு மேலால் ஒரு சட்டி வந்தது,
பாதிப் பூசணி, கறியாக,
எங்களிடம் இல்லாத மாசிக்கருவாட்டுத் தூளோடு.
பேனையைத் திறந்தபடி
வெகுநேரம் இருந்தார் இவர்.
எந்தப் பத்தியென்று தெரியாமல்
மூடிவிட்டுச் சாப்பிட வந்தார்.

கோழி இரண்டு வாங்கினோம்.
ஒன்றைக் கால்வாயிலிருந்து வந்த கபரகொய்யா கொண்டுபோனது.
மற்றதற்கு மகள் டிலக்சிகா
டொலர் என்று பெயர் வைத்தாள்.
டொலர் இருக்கிறது, டொலர் கொக்கரிக்கிறது,
டொலர் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று
வானொலிச் செய்தி மாதிரி வாசிப்பாள்.
அவர் சிரித்தது அந்த நாட்களில்தான்.

வைகாசி மழையில் டொலர் இறகு உதிர்த்தது.
முட்டை நின்றது.
பூச்சியம் என்று எழுதினார். மறுநாளும் பூச்சியம்.
ஒன்பது நாள்.
இரவில் எழும்பி டோர்ச் அடித்துப் பார்ப்பார்,
கோழியும் அவரும் ஒருவரையொருவர்
பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

தெமட்டகொடையில் தைத்து முடித்து
நான் வரும் வழியில்
சந்திக் கடையில் ஒரு முட்டை வாங்கினேன்.
வெள்ளைதான் இருந்தது. டொலர் இடுவது மண்ணிறம்.
விடிய நாலரைக்கு
இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடாக்கி
வைக்கோலுக்குள் விட்டேன்.
டொலர் தலையைச் சரித்து
என்னை விசாரித்தது.

ஆறு மணிக்கு அவர் கண்டெடுத்தார்.
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
திருப்பினார். இன்னொரு தரம் திருப்பினார்.
தேநீர் ஆறுகிறதென்று
சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

மூன்று பேருக்கும் ஒரே முட்டை,
நிறைய கறிவேப்பிலை, எங்கள் கொச்சிக்காய்.
டிலக்சிகா பெரிய பங்கைத் தெரிந்தெடுத்தாள்.

அவர் பின்னால் போய்
பைப்படியில் முகம் கழுவும் நேரம்
கொப்பியைத் திறந்தேன்.
வாங்காதவை: முட்டை ஒன்று.
விலை: ஐம்பத்திரண்டு.

மேலே இருந்த முட்டைகளெல்லாம்
நாற்பத்தைந்து.
கடைக்காரன் விலை கூட்டியது
நேற்றுப் பின்னேரம்,
நான் யாருக்கும் சொல்லவில்லை.

கொப்பியை இருந்தபடியே வைத்துவிட்டு
அரிசி களைந்த தண்ணீரை
மரவள்ளிக்கு எடுத்துப் போனேன்.