விலை நிலவரம்

பஃப்ஸ் தட்டு இருந்த இடத்தில்
ஒரு சார்ட் வந்தது:
புரதம், நார்ச்சத்து, இரும்பு.
அதன் கீழே ஒரு குண்டான் கொண்டைக்கடலை.
பிள்ளைக்கு தினம் ஒரு டோக்கன்.
முதல் வாரம் பாதிக் குண்டான்
என்னோடு பஸ் ஏறி ஓட்டேரிக்கு வந்தது.

மாடிப்படிக்கு அடியில்
ஏழாம் வகுப்பு டெரன்ஸ் கடை போட்டான்.
மூன்று சுண்டல் டோக்கனுக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட்.
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.
சார்ட்டைப் படிக்காததுகள்
விலையையாவது படிக்கட்டும்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்.
பெரம்பூர் சுரங்கப்பாதை மூழ்கி
பாதிப் பேர்தான் வந்திருந்தார்கள்.
இஞ்சி தட்டி, மிளகாய் கிள்ளித் தாளித்து
தேங்காயை அள்ளிப் போட்டேன், கணக்குப் பார்க்காமல்.
வாசனை படியேறிப் போய்
ஐந்தாம் வாய்ப்பாட்டைக் கலைத்தது.

அன்று ஒன்றுக்கு ஒன்று.
வியாழன், ஒரு டோக்கனுக்கு நாலு பாக்கெட்,
அப்படியும் கடையில் சரக்கில்லை.

வெள்ளிக்கிழமை வரிசையில் முதல் ஆள் டெரன்ஸ்.
ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தான்,
உள்ளே முழுக்க டோக்கன்.
"எல்லாத்துக்கும் இப்பவே போடுங்கக்கா."

கரண்டியால் சார்ட்டைக் காட்டினேன்:
ஆளுக்கு ஒரு கப்.
எழுத்துக்கூட்டிப் படித்தான்,
கண் மட்டும்
குண்டானை விட்டு நகரவேயில்லை.