தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது டன்

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு,
பேட்டரிக் கடைக்கு மேல்மாடி.
ஜூன் மாத மூன்றாம் ஞாயிறு.
வருகிறேன் என்றவர்கள் இருபத்தாறு,
வந்தவர்கள் ஒன்பது,
நாற்காலி ஏழு.
பூபாலன் சார் ஜன்னல் திண்டில்.
நான் கவிழ்த்த தண்ணீர்க் கேன் மேல்.

தலைப்பு: இணையச் செயலிக்கு எந்தச் சட்டகம்.

முதலில் திம்மராஜ்.
வேலை ஓசூரில், வாய் மட்டும் பெங்களூரில்.
ரெயில்ஸ்தான் என்றான்.
தண்டவாளம் போட்டே தந்துவிடுவார்கள்,
ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி.
"ரயிலே வராத ஊர்ல வந்து
இதச் சொல்றான் பாரு" என்றது பின்வரிசை.
பின்வரிசை என்பது நானும் கேனும்.

ஜாங்கோ எல்லாம் கொடுக்கும் என்றாள் ஹேமாவதி.
எல்லாம் கொடுக்கிறவன்
எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்பான் என்றார் பூபாலன் சார்,
பாலிடெக்னிக்கில் பதினாறு வருடம், வெறும் பிஎச்பி.
குரல் ஏறியது.
கரண்ட் போனது.
குரல் இறங்கவில்லை.
இருட்டுச் சுவரில் ஒரு பல்லி சொன்னது.
யார் பேசும்போது சொன்னது என்பதில்
அடுத்த சண்டை.

கரண்ட் வந்ததும் நஸ்ரின் எழுந்தாள்.
மாமாவின் மாங்காய் மண்டிக்கு அவள் எழுதியது:
தோப்பில் எடை போட்டு போனில் தட்டினால்
மண்டியில் கணக்கு ஏறிவிடும்.
எந்தச் சட்டகம்?
எதுவும் இல்லை. ஒரே கோப்பு,
நானூற்றுப் பதினோரு வரி.

சிரித்தார்கள்.
பிறகு ஆளாளுக்குப் போனை எடுத்துத்
தட்டிப் பார்த்தார்கள்.
பெயர்: அஆஇஈ. ரகம்: செந்தூரா. எடை: பூஜ்யம்.
பெயர்: பல்லி. ரகம்: கொய்யா. எடை: மைனஸ் நாலு.
பெயர்: திம்மராஜ். ரகம்: பெங்களூரா.
எடை: தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது டன்.
கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரைப்போல
முகம் நிமிராமல்
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது அது.

அவள் போன் அடித்தது.
என்ன நினைத்தாளோ, ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, அன்வர் பேசறேன், மண்டிலேர்ந்து.
யாரோ திம்மராஜாம்,
தொள்ளாயிரத்துச் சொச்சம் டன்னு காட்டுது.
நம்மகிட்ட இருக்கறது நாலு வண்டி.
எத்தன நடை அடிக்கறது?"

சோதனைத் தளம் என்று நாங்கள் விளையாடியது
சோதனைத் தளம் இல்லை.
பூபாலன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
திம்மராஜின் வாய்
பெங்களூரிலிருந்து திரும்பி வந்து
மூடிக்கொண்டது.

ஒவ்வொன்றாய் அழித்தாள்,
பூஜ்யத்தை, கொய்யாவை, அந்தப் பெரிய எண்ணை.
கை நடுங்கியது என்று சொல்ல மாட்டேன்.
இரண்டு முறை தப்பான பொத்தான், அவ்வளவுதான்.

அன்வர் இன்னும் லைனில்தான் இருந்தார்.
"இன்னொண்ணு பாப்பா.
வெயில்ல எழுத்தே தெரியல.
துண்டத் தலையோட போத்திக்கிட்டு
அதுக்குள்ளதான் எட அடிக்கறோம்."

ரெயில்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.
ஜாங்கோவும்.
பல்லியும்.

படியிறங்கி ரோட்டுக்கு வந்தோம்,
ஒன்பது போனையும் மேலே தூக்கிப் பிடித்தபடி.
கறுப்பில் வெள்ளையா, வெள்ளையில் கறுப்பா,
எழுத்து எத்தனை பெரிசு.
பேட்டரிக் கடைக்காரர் மழையோ என்று
எட்டிப் பார்த்தார்.
அதற்குள் வெயில்
சையத் பாஷா மலைக்குப் பின்னால் போயிருந்தது.

அடுத்த கூட்டம் பகல் பன்னிரண்டுக்கு,
மொட்டை மாடியில்.
நாற்காலி வேண்டாம்,
அவரவர் துண்டு அவரவர் கொண்டு வரவும்.
தண்ணீர்க் கேன் என் பொறுப்பு,
இந்த முறை நிரப்பி.