மேசையில் ஒரு நட்டு

போன மாதம் அரையிறுதியில்
என் மார்க்கரின் பிளாஸ்டிக் குழாய் பிடுங்கிக்கொண்டது.
ஒரே ஒரு நீண்ட உஸ்ஸ்.
காற்றடைத்த அரணுக்குப் பின்னால்
நான் பதுங்கியிருந்த இடம்
எதிரணிக்கு மட்டுமல்ல, நடுவருக்கும் சிரிப்பாகிவிட்டது.

எனவே இன்று எஃகு.

சுங்கை காடுட், திடலின் பின்னறை.
மார்க்கர் இந்த வாசலைத் தாண்டக்கூடாது.
சட்டத்துக்கு அது துப்பாக்கி,
எங்களுக்குத்தான் விளையாட்டு.
ஆகவே பட்டறையை நான் சுமந்து வந்தேன்:
கால் அங்குலக் குழாய் இரண்டு துண்டு,
வளைப்பான், வெட்டுச் சக்கரம், அரம்,
சலவைக்கடை ஹேங்கர் ஒன்று.

வாரத்தில் ஆறு நாள் துவாஸில்
கப்பல்களுக்குச் செய்வதும் இதே வேலைதான்.
அங்கே குழாய் ஆள் உயரம்,
பிழையானால் அறிக்கை, மூன்று கையெழுத்து.
இங்கே ஒரு சாண்கூட இல்லை,
பிழையானால் ஃபைருஸ்.
கதவில் சாய்ந்து கோப்பி உறிஞ்சியபடி
"நாலு மணிக்கு ஆட்டம், வதனி" என்கிறான்.

முதலில் ஹேங்கர் கம்பி.
பிடியின் அடியில் கிளம்பி
விரல்காப்பை உரசாமல் முன்னே போய்
ரெகுலேட்டரின் வாயில் நிமிர வேண்டும்.
கம்பி சொன்னபடி கேட்டது.
எஃகு கேட்காது.
தொண்ணூறு கேட்டால் எண்பத்தெட்டு தரும்,
கையை எடுத்ததும் திமிறிப் பின்வாங்கும்.
தேக்காவில் மீன் பேரம் மாதிரி
தொண்ணூற்றிரண்டு கேட்க வேண்டும்,
முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

முதல் வளைவு அழகு.
இரண்டாவது அதைவிட.
வெட்டி, பிசிறு சீவி,
வாயை மலர்த்தி,
இடத்தில் வைத்துப் பார்த்தேன்.
மயிரிழை பிசகில்லை.
"பெர்ஃபெக்ட் லா" என்றான் ஃபைருஸ்.
அப்போதுதான் மேசையிலிருந்து
ஒரு நட்டு என்னைப் பார்த்தது.

மலர்த்துமுன் கோத்திருக்க வேண்டிய நட்டு.
மலர்ந்த வாயில் இனி நுழையாது.
வெட்டினால் குழாய் எட்டாது.
பதினோரு வருடம்.
புதுப் பையன்கள் இதைச் செய்தால்
நான் போடும் சத்தம் மூன்றாம் தளம்வரை கேட்கும்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நட்டை எடுத்துச் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தான்.
பிறகு இருந்த கடைசித் துண்டில்
இரண்டு நட்டையும் அவனே கோத்து
என்னிடம் நீட்டினான்,
சூடான எதையோ தருவதுபோல.

இரண்டாவது குழாய் அவ்வளவு அழகில்லை.
ஒரு வளைவில் லேசான சப்பை,
வளைப்பான் கடித்த கீறல் ஒன்று.
ஆனால் இரு முனையும் தாமாகப் போய் உட்கார்ந்தன.
இழுத்துப் பிடித்து முடுக்கினால்
இன்றைக்கு அடங்கும்,
என்றைக்கோ கழுத்தில் விரியும்.
இத்தனை நாள் என் அளவுப் பிழைகளையெல்லாம்
பிளாஸ்டிக் வளைந்து கொடுத்து மறைத்திருக்கிறது.

சோப்புத் தண்ணீர், பழைய பல்துலக்கி.
காற்றை மெல்லத் திறந்தேன்.
ரெகுலேட்டர் முனையில் ஒரு குமிழி,
கடுகாய்த் தொடங்கி
ட்யூப்லைட்டை முதுகில் சுமந்து
உடைந்தது.
மூடி, காற்றை வெளியேற்றி,
கால் சுற்று.
மறுபடி திறந்தேன்.
இருவரும் குனிந்து காத்திருந்தோம்.
இவ்வளவு நேரம் தட்டியும் அராவியும்
எழுப்பிய சத்தமெல்லாம்
இந்தச் சத்தமின்மைக்குத்தான்.

ஆட்டத்தில் தோற்றோம்.
குழாய்மேல் குற்றமில்லை.

பதிவேட்டில் கையெழுத்திட்டு
மார்க்கரை இரும்பு அலமாரிக்குத் திருப்பிக் கொடுத்தேன்.
கிராஞ்சி எம்ஆர்டியில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
மேலாக இருந்தது அந்த முதல் குழாய்,
ஒரு முனையில் நட்டு, ஒரு முனையில் வெறும் மலர்ச்சி.
காவலருக்கு வயது இருபதுகூட இராது.
"இது எதற்கு?"
"காற்று போக."
கண்ணில் வைத்து விளக்கைப் பார்த்தார்.
வளைவுக்கு அப்பால்
அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.